பழைய டீசல் வண்டியும் பட்டணத்துப் பேச்சும்

போன வாரம் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு சென்னையில இருந்து சித்தப்பா பையன் வந்திருந்தான். மண்டபத்து வாசல்ல என் வண்டியைப் பார்த்ததும் முதல் கேள்வியே இதுதான்.

"ஏண்ணா, இன்னுமா இந்த டீசல் டப்பாவை வச்சிருக்கீங்க? பதினாலு வருஷம் ஆச்சு. அதுலயும் டர்போ இன்ஜின். எப்ப நடுரோட்டுல நிக்கும்னே தெரியாது. தள்ளி விட்டுட்டு வேற வாங்குங்க."

கூட நின்ன அவன் சிநேகிதங்க ரெண்டு பேரும் தலையாட்டினாங்க. ஒருத்தர், "டீசல் எல்லாம் எட்டு வருஷந்தான் சார், அதுக்கு மேல வச்சிருந்தா செலவுதான்" என்றார். பந்திக்குக் கூப்பிட்டுட்டாங்க, அதனால சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா மனசுல கிடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அங்க சொல்லாத பதிலை இங்க சொல்லிடறேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

பழைய டீசல் டர்போ இன்ஜினை நம்ப முடியாதுன்னு பேசறவங்கள்ல பாதிப் பேரு, அந்த இன்ஜினை நம்ப முடியாததா ஆக்கினவங்க. அவங்க வண்டியைக் கெடுத்து எங்களுக்கு வித்துட்டு, "பாரு, பழைய டீசல்னா இப்படித்தான்"னு எங்களுக்கே பாடம் எடுக்கறாங்க. சும்மா சொல்லலை. என் காசும், பக்கத்துத் தோட்டத்து மாமாவோட உசுரும் சம்பந்தப்பட்ட கதை இது.

என் வண்டி 2011 மாடல் டிசையர், டீசல். உள்ள இருக்கறது ஃபியட் கம்பெனி வடிவமைச்ச 1.3 மல்டிஜெட் இன்ஜின், 1,248 சிசி. 2005ல அதோட அளவுப் பிரிவுல சர்வதேச அளவில் சிறந்த இன்ஜின்னு விருது வாங்கினது. ஸ்விஃப்ட், ரிட்ஸ், எர்டிகா, டாடா விஸ்டா, மான்சா, ஃபியட் புன்டோ, லீனியான்னு எத்தனையோ வண்டிக்குள்ள இதே இன்ஜின்தான். இந்தியாவோட தேசிய இன்ஜின்னு கிண்டலாவும் பெருமையாவும் சொல்லுவாங்க. 2020ல பிஎஸ்-6 வந்தப்ப மாருதி டீசலையே நிறுத்திடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி வித்த வண்டிங்க எங்க ஊர்ப் பக்கம் இன்னைக்கும் ஓடிட்டு இருக்குது. பால் சொசைட்டி வாசல்ல காலையில போய் நின்னு பாருங்க, தெரியும்.

இந்த வண்டியை 2018ல சென்னையில இருந்து வாங்கினேன். ஓனர் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பார்க்கறவர், நல்ல மனுசன். வண்டி 54,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்துச்சு. ஏழு வருஷத்துக்கு அது ரொம்பக் கம்மி. சீட்டுல ஒரு கறை இல்லை, பெயிண்ட்ல ஒரு கீறல் இல்லை. உள்ள உக்காந்தா வாசனை. 3,40,000 ரூபாய் எண்ணிக் கொடுத்துட்டு, கெடைச்சதுடா யோகம்னு ஓட்டிட்டு வந்தேன்.

டிராக்டர் வச்சிருக்கற ஒரு விவசாயி செய்யக் கூடாத தப்பை அன்னைக்கு நான் செஞ்சேன். அதை விளக்கமா சொல்றேன், ஏன்னா இந்தப் பதிவோட மையமே அதுதான்.

டிராக்டர்ல மணிக் கணக்கு காட்டற மீட்டர் இருக்கும். எத்தனை மணி நேரம் இன்ஜின் ஓடுச்சுங்கறதுதான் எங்களுக்குக் கணக்கு. உழவு ஓட்டும்போது மணிக்கு நாலு கிலோமீட்டர் கூடப் போகாது, ஆனா இன்ஜின் முழு மூச்சுல ஓடிட்டு இருக்கும். அங்க கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாத்தினா இன்ஜின் ரெண்டே வருஷத்துல மண்ணாப் போயிரும். என் டிராக்டருக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில்.

இப்ப அந்த சென்னை வண்டியை இதே கணக்குல பாருங்க. அவரு வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஒன்பது கிலோமீட்டர். போக வர பதினெட்டு. அதுக்கு டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம். அப்படின்னா மணிக்கு 12 கிலோமீட்டர். 54,000ல பாதி கிலோமீட்டர் அப்படி ஓடியிருந்தாலே, அந்தப் பாதிக்கு மட்டும் 2,250 மணி நேரம் ஆச்சு. அதே தூரத்தை எங்க ரோட்டுல மணிக்கு 50ல ஓட்டினா 540 மணி நேரந்தான். நாலு மடங்குக்கும் மேல வித்தியாசம். கம்மி கிலோமீட்டர் வண்டின்னு நான் வாங்கினது, உண்மையில நல்லா உழைச்சுத் தேஞ்ச வண்டி.

சரி, உழைச்சா என்ன, உழைக்கறதுக்குத்தானே இன்ஜின்? ஆயில் மாத்தியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஏழு வருஷத்துல ஆயில் மாத்தினது நாலு தடவை. கடைசியா மாத்தி ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆகியிருந்துச்சு. நான் பார்க்கலை. சீட்டு வாசனையில மயங்கிட்டேன்.

வாங்கின கொஞ்ச நாள்லயே, வண்டி சும்மா நின்னு ஓடும்போது சிவப்பு ஆயில் லைட் லேசா மினுக்குச்சு. ஓனருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "அது சென்சார்ங்க, ரொம்ப நாளா அப்படித்தான்" என்றார். நானும் சரின்னு விட்டுட்டேன். என் ட்ராக்டர்ல அந்த லைட் எரிஞ்சிருந்தா அந்த நிமிஷமே சாவியைத் திருப்பி நிறுத்தியிருப்பேன். கார்னதும் புத்தி வேற மாதிரி வேலை செஞ்சுது பாருங்க.

அந்த மார்கழியில ஒரு ராத்திரி, மணி ரெண்டு இருக்கும். பக்கத்துத் தோட்டத்து அத்தை ஓடி வந்து கதவைத் தட்டறாங்க. மாமாவுக்கு நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுது. ஆம்புலன்ஸ் தோட்டத்து வழி கண்டுபிடிச்சு வர வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு, பின் சீட்டுல படுக்க வச்சுக் கிளம்பிட்டோம். அந்தியூர் தாண்டி பவானி ரோட்டுல மிதிச்சுட்டு இருக்கேன். திடீர்னு விசில் அடிக்கற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். அடுத்த நிமிஷம் இழுவையே இல்லை. கண்ணாடியில பார்த்தா பின்னாடி நீலப் புகை ரோட்டையே மறைக்குது. முழுசா மிதிச்சாலும் வண்டி நாப்பதுக்கு மேல ஏறலை.

பின்னாடி அத்தை, "கொஞ்சம் வேகமாப் போ சாமி, கொஞ்சம் வேகமா" ன்னு சொல்லிட்டே இருக்காங்க. அந்தக் குரல் இன்னும் என் காதுல இருக்குது.

எப்படியோ உருட்டிட்டு பவானி போய்ச் சேர்ந்தோம். அங்க முதலுதவி பார்த்து, வேற வண்டியில ஈரோட்டுக்கு அனுப்பினாங்க. மாமா பிழைச்சுட்டாரு. இன்னைக்கும் காலையில கம்பங்காட்டுல கிளி ஓட்டிட்டு இருக்காரு. பிழைக்காமப் போயிருந்தா நான் யாரைக் குத்தம் சொல்லியிருப்பேன்? பழைய டீசல் இன்ஜினையா? ஆயில் மாத்தாத மனுசனையா? லைட் மினுக்கறதைப் பார்த்தும் ஓட்டின என்னையா?

வண்டியை ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு இழுத்துட்டுப் போனோம். கழுத்துப் பட்டை கட்டின தம்பி ஒருத்தர் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துட்டு, "டர்போ போயிருச்சு சார், புதுசு மாத்தணும், 58,000 ஆகும். பழைய வண்டின்னா இப்படித்தான் சார், எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கறீங்களா?" ன்னு கேட்டார். டர்போ ஏன் போச்சுன்னு கேட்டேன். "வயசாயிடுச்சு சார்" என்றார். ஏழு வருஷத்து வண்டிக்கு வயசாயிடுச்சாம். எங்கிட்ட இருக்கற தேங்காய் பறிக்கற ஏணிக்கு அதை விட வயசு அதிகம்.

அங்கிருந்து அந்தியூர்ல எங்க மெக்கானிக் பட்டறைக்கு வந்துச்சு வண்டி. அவரு டர்போவைத் தொடவே இல்லை. முதல்ல அடியில ஆயில் சம்பைக் கழட்டினார். கழட்டிட்டு என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இதைப் பாருங்க" என்றார். அடியில கருப்பா, கெட்டியா, தார் மாதிரி படிஞ்சு கிடக்குது. ஆயில் உறிஞ்சற சல்லடையில பாதிக்கு மேல அடைப்பு. டர்போவுக்கு ஆயில் போற சின்னக் குழாயை ஊதிப் பார்த்தா காத்தே போகலை. கரி.

ஒரு டர்போ எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா இது ஏன் நடந்துச்சுன்னு புரியும். இன்ஜின்ல இருந்து வெளிய போற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்துது. அதே தண்டுல மறு முனையில இன்னொரு சக்கரம், அது காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. அதனாலதான் இத்தனூண்டு இன்ஜின் அந்த இழுவை இழுக்குது. எங்க கிணத்து மோட்டார் நிமிஷத்துக்கு 2,800 சுத்து சுத்தும். இந்த டர்போ தண்டு ஒரு லட்சத்துக்கும் மேல சுத்தும். அந்த வேகத்துல சுத்தற தண்டைத் தாங்கி நிக்கறது மெல்லிசா ஒரு ஆயில் படலம் மட்டுந்தான். அந்த ஆயிலும் இன்ஜின் சம்புல இருக்கற அதே ஆயில்தான். அதோட தரம் போச்சுன்னா, அளவு குறைஞ்சுதுன்னா, வர்ற வழி அடைஞ்சுதுன்னா, முதல்ல சாகறது டர்போ.

ஆக டர்போ குத்தவாளி இல்லைங்க. அதுதான் பலியான ஆளு. சம்பைக் கழுவாம, குழாயை மாத்தாம, அந்த சர்வீஸ் சென்டர் சொன்னபடி 58,000க்குப் புது டர்போ மட்டும் போட்டிருந்தா, அதுவும் கொஞ்ச நாள்ல இதே மாதிரி செத்திருக்கும். அப்புறம் "பழைய டீசல்னாலே தொல்லை" ன்னு நானும் கல்யாண வீட்டுல பேசிட்டு இருந்திருப்பேன்.

மெக்கானிக் இன்னொண்ணும் சொன்னாரு: "நல்ல வேளைண்ணா, சீல் போன டர்போ வழியா இன்ஜின் ஆயிலையே குடிச்சுட்டு ஓட ஆரம்பிச்சிருந்தா, சாவியைத் திருப்பினாலும் நின்னிருக்காது." டீசல் இன்ஜின்ல அப்படி நடக்கறது உண்டு. டீசலை நிறுத்தினாலும் ஆயிலை எரிச்சு, வேகம் ஏறிக்கிட்டே போய் வெடிக்கற வரைக்கும் போகும். அன்னைக்கு ராத்திரி பின் சீட்டுல மாமாவை வச்சுக்கிட்டு அப்படி ஆகியிருந்தா? நினைக்கவே உடம்பு கூசுது.

சம்பு கழுவி, சல்லடை, குழாய் மாத்தி, டர்போவை கோயமுத்தூர்ல கொடுத்து ரிப்பேர் பண்ணி, டைமிங் செயினும் புதுசு போட்டு மொத்தம் 41,000 ஆச்சு. செயினை ஏன் மாத்தினோம்னா, அதை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனரும் ஆயில் அழுத்தத்துலதான் வேலை செய்யுது. ஆயில் கெட்டா செயின் தளரும். ஒரு பல்லு தாவுச்சுன்னா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் முடிஞ்சுது. காலையில முதல் ஸ்டார்ட்ல கொலுசு குலுக்கற மாதிரி சலசலன்னு சத்தம் வந்தா அதுதான் எச்சரிக்கை. என் வண்டியில அது வந்துட்டு இருந்துச்சு, டீசல் சத்தம்னு நினைச்சுட்டேன்.

அதுக்கப்புறம் 1,000 கிலோமீட்டர்ல ஒரு தடவை, 3,000ல ஒரு தடவை ஆயிலை மாத்தி உள்ள இருந்த மிச்ச அழுக்கை வெளிய எடுத்தோம். அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஏழு வருஷம், 1,40,000 கிலோமீட்டர். மீட்டர் 1,96,000 காட்டுது. பர்கூர் மலை ஏறியிருக்குது. குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு ஆள் ஏத்தியிருக்குது. மூணு பிரசவத்துக்கு ராத்திரியில ஓடியிருக்குது. ஒரு நாள் கூட வழியில நின்னதில்லை. நடுரோட்டுல நிக்கும்னு சொன்ன தம்பி, இதே இன்ஜின்தான் அது.

இதுக்கு நான் பெரிய வித்தை ஒண்ணும் பண்ணலை. ஆயிலும் ஃபில்டரும் 6,000 கிலோமீட்டர் இல்லைன்னா ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அது. ஒரு தடவைக்கு 3,200 ரூபாய். பெரும்பாலான கையேடுகள்ல 10,000 கிலோமீட்டர்னு போட்டிருக்கும். அதே கையேட்டுல, தூசி ரோடு, குட்டிக் குட்டிப் பயணம், நின்னு நின்னு போற ஓட்டம்னா சீக்கிரமா மாத்துன்னு தனிப் பட்டியல் ஒண்ணும் இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் படிக்கறதில்லை. சென்னை டிராஃபிக்கும் எங்க மண் ரோடும் ரெண்டுமே அந்தப் பட்டியல்லதான் வருது.

ஆயில் கிரேடு கையேட்டுல போட்டிருக்கறதுதான். மலை ஏறி வந்தாலோ, வேகமா ஓட்டி வந்தாலோ, நிறுத்தினதும் ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டுத்தான் சாவியைத் திருப்பறது. சூடேறின டர்போவுல ஆயில் ஓட்டம் நின்னா அங்கயே கருகிப் படியும், அந்தக் கரிதான் குழாயை அடைச்சது. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் உறுமறதில்லை, ஆயில் மேல ஏறக் கொஞ்சம் நேரம் கொடுக்கறது. டீசல் ஃபில்டர்ல சேர்ற தண்ணியை வடிச்சு விடறது. கார் டயர்ல இருக்கற காத்து ரெண்டு பார் அழுத்தந்தான். இந்த இன்ஜின்ல டீசல் 1,000 பாருக்கும் மேல அழுத்தத்துல, முடி கனத்து ஓட்டை வழியா பீய்ச்சுது. அதுல ஒரு சொட்டுத் தண்ணியும் துளி மண்ணும் போனா இன்ஜெக்டர் என்ன ஆகும்? இவ்வளவுதான் என் பராமரிப்பு. பால் கணக்கு நோட்டுல கடைசிப் பக்கத்துல தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்.

எங்க ஆளுங்க மேலயும் எனக்குக் கோபம் இருக்குது, அதை மறைக்கலை. "டீசல் வண்டி இரும்புடா, ஒண்ணும் ஆகாது" ன்னு ஒரு கூட்டம் இங்க உண்டு. அப்பா காலத்து ஆயில் இன்ஜினையே மனசுல வச்சுட்டுப் பேசுவாங்க. அது மெதுவா ஓடற, டர்போ இல்லாத, கம்ப்யூட்டர் இல்லாத இன்ஜின். எதை ஊத்தினாலும் ஓடுச்சு. அந்தப் பழக்கத்துல இந்த இன்ஜினுக்கும் ட்ராக்டர் ஆயிலை ஊத்தறது, ரேடியேட்டருக்கு போர் தண்ணி ஊத்தறது. எங்க பக்கத்து போர் தண்ணி எப்படின்னு கேட்டா, ரெண்டு மாசத்துல குடத்துல வெள்ளை வெள்ளையா உப்பு பூக்கும். அதைக் கொண்டு போய் இன்ஜினுக்குள்ள ஊத்தறாங்க. என் மாமனாரே ஒரு தடவை என் வண்டிக்கு ஊத்தப் போனாரு, ஓடிப் போய் சொம்பைப் பிடுங்கினேன். ரெண்டு நாள் பேசலை அவரு. இன்னும் சில பேரு, புகையைத் திருப்பி விடற ஈஜிஆரை தகடு வச்சு அடைச்சா இழுவை கூடும்னு அடைக்கறாங்க. நச்சுப் புகை அதிகமா வெளிய போகும், சட்டப்படியும் தப்பு. அழுக்கு சேர்ந்தா கழட்டிக் கழுவணும், அடைக்கக் கூடாது.

ஆக, வயசானாலே குப்பைன்னு பட்டணத்துல சொல்றாங்க, என்ன பண்ணினாலும் சாகாதுன்னு கிராமத்துல சொல்றாங்க. ரெண்டு பேருமே வண்டியோட பானெட்டைத் திறந்து பார்க்காம பேசறவங்கதான்.

"பழைய டீசல் காத்தைக் கெடுக்குதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" ன்னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்விதான். என் வண்டி பிஎஸ்-4. இப்ப வர்ற பிஎஸ்-6 டீசல்ல கரியைப் பிடிக்கற ஃபில்டர் இருக்குது, என் வண்டியில இல்லை. புது வண்டி சுத்தம், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தில்லியில 10 வருஷம் தாண்டின டீசல் ஓடக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2015ல சொன்னதை 2018ல உச்ச நீதிமன்றமும் ஏத்துக்கிச்சு. அந்த ஊர்க் காத்து இருக்கற நிலைமையில அவங்க கவலை எனக்குப் புரியுது. தமிழ்நாட்டுல அந்தச் சட்டம் இல்லை. 15 வருஷம் ஆனதும் பரிசோதனைக்குக் கொண்டு போய், சரியா இருந்தா அஞ்சு வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம்.

ஆனா பிறந்த தேதியை மட்டும் பார்த்து ஒரு வண்டியைக் கழிக்கறதுல ஒரு ஓட்டை இருக்குது. கறுப்புப் புகை கக்கற வண்டியைத் திறந்து பாருங்க. ஏர் ஃபில்டர் அடைஞ்சிருக்கும், காத்துப் போற குழாய் கிழிஞ்சிருக்கும், இன்ஜெக்டர் ஒழுகும். எல்லாம் பராமரிப்புக் கோளாறு. ஆறு வருஷத்து வண்டி அப்படிக் கக்கறதையும் பார்த்திருக்கேன். புகைச் சோதனையில பிஎஸ்-4 டீசலுக்கு 50 அலகு வரைக்கும் அனுமதி. என் வண்டி ஒவ்வொரு தடவையும் அதுக்குக் கீழதான் காட்டுது. ஒழுங்கா சோதனை பண்ணி, தேறாத வண்டியை, அது எத்தனை வருஷத்து வண்டியா இருந்தாலும் ரோட்டை விட்டு இறக்குங்க. முதல் ஆளா நான் கை தட்டறேன். அதை விட்டுட்டு, வண்டியைப் பார்க்காமயே காசை வாங்கிட்டு சர்டிபிகேட் அடிச்சுக் கொடுக்கற இடங்களையும் வச்சுக்கிட்டு, வயசை மட்டும் பேசறது யாருக்கு நல்லது?

அப்புறம் காசு. எங்களுக்குப் புது வண்டின்னா பத்து லட்சம். மஞ்சள் விலை ஒரு வருஷம் ஏறும், அடுத்த வருஷம் விழும். அதை நம்பி மாசத் தவணை கட்ட முடியாது. நீங்க வித்த வண்டியைத்தான் நாங்க வாங்கறோம். நீங்க எட்டு வருஷம் ஓட்டி முடிச்சப்புறம் அந்த வண்டிக்கு ரெண்டாவது வாழ்க்கை ஒண்ணு இருக்குது. அது எங்க ஊர்ல. அங்க அது சினிமாவுக்கும் மாலுக்கும் போறதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சுட்டு ஒருத்தரைப் படுக்க வச்சுக்கிட்டு ஓடும். நீங்க தள்ளிப் போட்ட ஒரு ஆயில் சர்வீஸோட விலையை அந்த ரோட்டுல நாங்க கொடுக்கறோம்.

அதனால பட்டணத்து நண்பர்களே, வண்டியை விக்கும்போது பாலிஷ் போடற காசுல ஆயில் மாத்திக் கொடுங்க. பில்லை எடுத்து வைங்க. ரெண்டு வருஷம் மாத்தலைன்னா, மாத்தலைன்னு சொல்லுங்க. விலை பத்தாயிரம் குறையும், அவ்வளவுதானே. லைட் மினுக்கினா சென்சார்னு சொல்லாதீங்க. வாங்கற எங்க ஆளுங்களுக்கு ஒண்ணு: சீட்டு வாசனையைப் பார்க்காதீங்க. ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டி அடியில விரலை விட்டுப் பாருங்க. தார் மாதிரி ஒட்டுச்சுன்னா மூடிட்டு வந்துருங்க.

என் வண்டிக்கு அடுத்த வருஷம் 15 முடியுது. புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், அதுக்கு மேல பசுமை வரியும் உண்டு. கட்டத்தான் போறேன்.

கல்யாணம் முடிஞ்சு கிளம்பும்போது தம்பி வண்டிக்குள்ள எட்டிப் பார்த்தேன். மூணு வருஷத்து டீசல், பிஎஸ்-6. டாஷ்போர்டுல மஞ்சளா ஒரு லைட் எரிஞ்சுது. என்னடான்னு கேட்டேன். "அது புகை ஃபில்டர் லைட்டுண்ணா, அப்பப்ப வரும், ஹைவேல போனா தானா அணைஞ்சிரும். ஆபீஸ் ஆறு கிலோமீட்டர்தான், அதனால அணைய மாட்டேங்குது" என்றான். ஆயில் எப்ப மாத்தினேன்னு கேட்டேன். யோசிச்சான். யோசிச்சுக்கிட்டே இருந்தான்.

அந்த வண்டியை அவன் இன்னும் நாலஞ்சு வருஷத்துல வித்துருவான். வாங்கப் போறது எங்கயோ ஒரு கிராமத்துல, வயசான அப்பா அம்மாவை வச்சிருக்கற ஒரு பையன். வர்ற ஞாயித்துக்கிழமை தம்பிக்கு நானே போன் பண்ணப் போறேன். ஆயில் மாத்திட்டியான்னு கேக்க.